ஓக் காட்டின் உருவத்தை முடிவு செய்வது மண்ணா, கோடரியா?

பதிவு 1: காட்டுவழி

அனைவருக்கும் வணக்கம். நம் அகராதிகள் கருவாலி என்று குறிப்பிடும் ஓக் மரங்களைப் பற்றிய ஐயம் இது. நான் ஒரு சிறிய காட்டுப் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். எங்கள் பொறுப்பில் உள்ள காட்டின் நடுவே ஒரு வண்டிப்பாதை செல்கிறது. பாதையின் இரு புறமும் உள்ள ஓக் மரங்கள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே ஆண்டில், ஒரே இடத்திலிருந்து வந்த விதையைக் கொண்டு நடப்பட்டவை என்று பழைய பதிவேடு கூறுகிறது. இன்று பார்ப்பவர்கள் அவை ஒரே வயதுடையவை என்பதை நம்ப மறுக்கிறார்கள்.

மேற்குப் பகுதியில் மரங்கள் ஒல்லியாகவும் நேராகவும் நெருங்கி நிற்கின்றன. கிளைத்தொகுதி, அதாவது கவிகை, உச்சியில் ஒரு கைப்பிடி அளவுக்குத்தான் இருக்கிறது. தரையில் சருகைத் தவிர வேறு எதுவும் இல்லை. கிழக்குப் பகுதியில் அடிமரம் பருத்திருக்கிறது, கவிகை அகன்று விரிந்திருக்கிறது, கீழே புதர்களும் சிறு மரங்களும் இரண்டு அடுக்காக வளர்ந்திருக்கின்றன. கிழக்கில் இரண்டு முறை மரங்களைக் கலைத்து நெருக்கத்தைக் குறைத்ததாகவும், மேற்கில் ஒரு முறைகூடக் கலைக்கவில்லை என்றும் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் கிழக்குப் பகுதி சரிவின் அடிப்பக்கத்தில் இருப்பதால் அங்கே மண் ஆழமாக இருக்கலாம் என்றும் எங்கள் குழுவில் சிலர் வாதிடுகிறார்கள். மண்தான் காரணம் என்றால் மேற்கில் கலைப்பதால் பயன் இருக்காது. கலைக்காததுதான் காரணம் என்றால் இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டும். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதிவு 2: வேர்நீர்

நல்ல கேள்வி. இதற்கு ஊகம் தேவையில்லை, மரங்களையே கேட்கலாம். ஒரே வயதுக் காட்டில் உயரத்தையும் பருமனையும் தனித்தனியாக அளந்தால் மண்ணின் பங்கையும் நெருக்கத்தின் பங்கையும் பெருமளவு பிரித்துவிடலாம். கூட்டத்தில் தலையெடுத்து நிற்கும் மரங்களின் உயரம், நெருக்கத்தால் அதிகம் மாறுவதில்லை. அது மண்ணின் ஆழம், நீர், காற்று, வெப்பம் ஆகியவற்றையே காட்டுகிறது. அதனால்தான் வனவியலாளர்கள் ஓர் இடத்தின் வளத்தை அளவிட, குறிப்பிட்ட வயதில் மேலோங்கிய மரங்கள் எட்டும் உயரத்தைப் பயன்படுத்துகிறார்கள். பருமன் அப்படியல்ல. பக்கத்து மரம் எவ்வளவு அருகில் நின்றது, எத்தனை ஆண்டுகள் நின்றது என்பதை அது நேரடியாகக் காட்டிவிடும். ஆகவே பாதையின் இரு புறமும் மேலோங்கிய மரங்களில் பத்துப் பத்தைத் தேர்ந்து, உயரத்தையும் மார்பளவு உயரத்தில் விட்டத்தையும் அளந்து வாருங்கள்.

மண்வெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். இரு பகுதியிலும் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டினால், சாம்பல் நிறமும் துரு நிறமும் கலந்த திட்டுகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றன என்று தெரியும். அந்தத் திட்டுகள் ஆண்டின் ஒரு பகுதியில் நீர் தேங்கி நிற்பதன் அடையாளம். அங்கே நிற்பது எந்த ஓக் என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் பரவலாக உள்ளவை இரண்டு. ஒன்றில் கொட்டை நீண்ட காம்பில் தொங்கும், இலைக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். மற்றொன்றில் கொட்டை கிளையோடு ஒட்டியிருக்கும், இலைக்குத் தெளிவான காம்பு இருக்கும். முதலாவது கனமான களிமண்ணையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும், வெளிச்சத்தை அதிகம் கேட்கும். இரண்டாவது நீர் வடியும் மண்ணில், சரிவுகளில் நன்றாக வாழும், நெருக்கத்தையும் சற்றுக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும். ஒரே காட்டில் இரண்டும் கலந்து நிற்பதும் உண்டு, இடைப்பட்ட தோற்றமுடைய கலப்பினங்களும் உண்டு. எனவே ஒரு மரத்தின் ஒரு இலையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

சூழல் எந்த அளவுக்கு ஓக்கை மாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில், சுமார் 400 மீட்டர் உயரத்தில், விஸ்ட்மன்ஸ் வுட் என்ற சிறிய காடு இருக்கிறது. கருங்கல் பாறைகளின் இடுக்கில் வேரூன்றிய அந்த மரங்கள் முறுக்கிக்கொண்டு, பாசி போர்த்தி, குட்டையாக நிற்கின்றன. 1860களில் அங்கே ஒரு மரத்தை வெட்டி வளையங்களை எண்ணினார்கள். விட்டம் 9 அங்குலம், வயதோ ஏறத்தாழ 168 ஆண்டுகள். அவை தனி வகைக் குள்ள மரங்கள் அல்ல. தாழ்நிலத்தில் ஓங்கி வளரும் அதே காம்புக்கொட்டை ஓக்தான். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் காடு முன்பைவிட உயரமாகவும் நிமிர்ந்தும் வளர்ந்திருப்பதைப் பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காற்றும் குளிரும் மேய்ச்சலும் மாறினால் அந்த மரங்களின் உருவமும் மாறுகிறது.

பதிவு 3: காட்டுவழி

அளந்துவிட்டு வந்தேன். மேலோங்கிய மரங்களின் சராசரி உயரம் மேற்கில் 19 மீட்டர், கிழக்கில் 21 மீட்டர். விட்டமோ மேற்கில் 22 சென்டிமீட்டர், கிழக்கில் 38 சென்டிமீட்டர். குழியில் துருத்திட்டுகள் இரு புறமும் ஏறத்தாழ ஒரே ஆழத்தில்தான் தொடங்குகின்றன. நான் பார்த்த கொட்டைகள் எல்லாமே நீண்ட காம்பில் இருந்தன.

அப்படியானால் அந்த இரண்டு மீட்டர் உயர வேறுபாடு மண்ணுக்கு உரியது என்றும், விட்டத்தில் உள்ள பெரிய வேறுபாடு பெரும்பாலும் கலைத்ததற்கு உரியது என்றும் கொள்ளலாமா?

பதிவு 4: வேர்நீர்

கொள்ளலாம். மண் அந்தக் காட்டுக்கு உயர வரம்பை வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் கிடைக்கும் வெளிச்சத்தையும் நீரையும் எத்தனை மரங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதுதான் மற்றதை முடிவு செய்திருக்கிறது.

பதிவு 5: இழைப்புளி

நான் நாற்பது ஆண்டுகளாக மரவேலை செய்பவன், காட்டைப் பற்றி அதிகம் அறியாதவன். ஆனால் ஒரு கருத்தைச் சொல்லியாக வேண்டும். மெதுவாக வளர்ந்த மரம்தான் வைரம் பாய்ந்த மரம் என்று என் ஆசான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வளையங்கள் நெருக்கமாக இருந்தால் பலகை உறுதியாக இருக்கும். ஆகவே மேற்குப் பகுதியில் இயற்கையாகவே அமைந்துவிட்ட நெருக்கத்தைக் கலைத்து, அகன்ற வளையமுள்ள மென்மையான மரத்தை ஏன் உருவாக்க வேண்டும்? பைன் மரத்தில் அகன்ற வளையம் எவ்வளவு தொல்லை தருகிறது என்பது என் கைக்குத் தெரியும்.

பதிவு 6: கவிகை

இழைப்புளி ஐயா அவர்களுக்கு, பைனைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஓக்கில் அது தலைகீழாகிறது. வனத்துறையில் பயிலத் தொடங்கிய காலத்தில் நானும் உங்களைப் போலவே நினைத்திருந்தேன்.

ஓக்கின் ஒரு வளையத்தைக் கூர்மையான உளியால் சீவி, கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வளையத்தின் தொடக்கத்தில் ஊசியால் குத்தியதுபோல் துளைகள் வரிசையாக இருக்கும். வெறும் கண்ணுக்கே தெரியும் இந்தத் துளைகள் நீரைக் கடத்தும் குழாய்கள். சென்ற ஆண்டின் குழாய்களில் குளிர்காலத்தில் காற்றுக்குமிழ் புகுந்துவிடுவதால், ஓக் மரம் ஒவ்வோர் இளவேனிலிலும் இலை விரியும் முன்பே புதிய பெருங்குழாய்களை உருவாக்கியாக வேண்டும். வளர்ச்சி நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த முதற்பட்டையின் அகலம் அதிகம் மாறாது. அதற்குப் பிறகு கோடையில் உருவாகும் இறுக்கமான நார்ப்பட்டைதான் ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறைகிறது. முதற்பட்டை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் வளையத்தில் பாதிக்கு மேல் துளைதான். மூன்று மில்லிமீட்டர் வளையத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் துளை, மீதி எல்லாம் நார். ஆகவே வேகமாக வளர்ந்த ஓக் கனமாகவும் கடினமாகவும் இருக்கும், மிக மெதுவாக வளர்ந்தது இலேசாகவும் இழைப்பதற்கு மென்மையாகவும் இருக்கும்.

அப்படியென்றால் நெருங்கிய வளையத்துக்கு ஏன் மதிப்பு என்று கேட்பீர்கள். அந்த மதிப்பு உறுதிக்காக அன்று, மென்மைக்காகவும் சீர்மைக்காகவும். ஜெர்மனியின் ஸ்பெஸ்ஸார்ட் மலைக்காட்டில் 300 ஆண்டுகளைக் கடந்த ஓக் மரங்களிலிருந்து வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தகடுகள் சீவப்படுகின்றன. அங்கே ஆண்டு வளையம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் நடு முதல் வெளிப்பட்டை வரை ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். பிரான்சின் அல்யே மாவட்டத்தில் உள்ள திரான்சே காடு இன்னொரு சான்று. 14ஆம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் கப்பல் மரத்தை மனத்தில் கொண்டு, 1669-இல் பிறப்பித்த வனச் சட்டத்தின் வழியில் அந்தக் காடு சீரமைக்கப்பட்டது. இன்று அதன் நெருக்கமான இழை கொண்ட மரம் மதுப்பீப்பாய் செய்வோரிடம் பெயர் பெற்றது. அதே நாட்டின் லிமூசேன் பகுதியில், வெட்டிய அடியிலிருந்து மீண்டும் துளிர்த்த மறுதாம்புப் புதர்களின் நடுவே ஆங்காங்கே விடப்பட்ட பெருமரங்களாக, வளமான மண்ணில், திறந்த வெளிச்சத்தில் ஓக் வளர்ந்தது. அதன் வளையம் அகலம், இழை கரடு, பீப்பாய்க்குள் வைத்த பானத்தில் அது இறக்கும் சாரமும் வேறு. மரத்தின் இனமும் மண்ணும் நெருக்கமும் மூன்றுமாகச் சேர்ந்து இந்த வேறுபாட்டை உண்டாக்கியிருக்கின்றன. இதில் நெருக்கம் ஒன்றுதான் மனிதன் கையில் இருக்கிறது.

கப்பல் காலத்தில் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருந்தார்கள். கப்பலின் விலா எலும்புகளுக்கு இயல்பாகவே வளைந்த மரம் வேண்டும். அது வேலியோரத்திலும் மேய்ச்சல் வெளியிலும் தனித்து நின்ற, தாழ்வாகக் கிளைத்த ஓக்கில்தான் கிடைக்கும். பக்கப் பலகைக்கு நெருக்கத்தில் நிமிர்ந்த மரம் வேண்டும். சுவீடனின் வெட்டர்ன் ஏரியில் உள்ள விசிங்சோ தீவில் 1831 முதல் கடற்படைக்காக ஓக் நடத் தொடங்கி, ஏறத்தாழ 3 லட்சம் கன்றுகளை நெருக்கமாக வளர்த்தார்கள். அவை உயர்ந்து முதிர்வதற்குள் கப்பல்கள் இரும்பில் கட்டப்பட்டன. ஆனால் நேராக நிமிர்ந்த அந்தக் காடு இன்றும் நிற்கிறது.

பதிவு 7: இழைப்புளி

விளக்கத்துக்கு நன்றி. பட்டறையில் கிடந்த ஓக் துண்டு ஒன்றைச் சீவிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன துளை வரிசை தெளிவாகத் தெரிந்தது. நெருங்கிய வளையமுள்ள பக்கத்தில் உளி வெண்ணெயில் போவதுபோல் போனது. இத்தனை ஆண்டுகள் என் கை உணர்ந்ததற்குக் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தத் துண்டிலேயே இன்னொன்றும் கண்டேன். நடுவிலிருந்து ஏறத்தாழ முப்பது வளையங்கள் நெருங்கி நெருங்கி, ஒன்றையொன்று பிரித்தறிய முடியாத அளவுக்கு மெலிந்து போயிருந்தன. அதை அடுத்து ஒரே ஆண்டில் அகலம் மூன்று மடங்காகத் தாவியிருந்தது. அந்த எல்லையிலிருந்து வெளியே நோக்கி, மிளகு அளவில் சிறு முடிச்சுகள் கொத்துக் கொத்தாக ஓடின. அந்தப் பலகை உலரும்போது இந்த எல்லையை ஒட்டித்தான் நெளிந்துவிட்டது. மரத்துக்கு அந்த ஆண்டில் என்ன நேர்ந்தது?

பதிவு 8: கவிகை

பக்கத்து மரங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டியிருக்கிறார்கள். அந்த மிளகு முடிச்சுகள் நீர்ப்போத்துகளின், அதாவது தண்டிலிருந்தே கிளம்பும் துளிர்களின், தடம்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓக் காட்டைக் கலைப்பதில் மிகப் பெரிய இடர் இதுதான். ஓக்கின் பட்டைக்கு உள்ளே உறங்கும் மொட்டுகள் ஏராளமாக இருக்கின்றன. கவிகை நலமாக இருந்து, தண்டின் மேல் நிழல் விழும் வரை அவை உறங்கும். கவிகை சிறுத்து மரம் இளைத்திருக்கும் நிலையில் தண்டின் மேல் திடீரென வெயில் பட்டால் அவை விழித்துக்கொள்கின்றன. அடி முதல் நுனி வரை பச்சைத் துளிர்கள் போர்த்திய கம்பம் போல மரம் மாறிவிடுகிறது. மேலே இருக்கும் சிறு கவிகைக்குப் போக வேண்டிய நீரை அவை பங்கு கேட்பதால் உச்சிக் கிளைகள் காய்வதும் உண்டு. எட்டு மீட்டர் நீளத்துக்கு முடிச்சில்லாத தண்டை உருவாக்க ஐம்பது ஆண்டுகள் நெருக்கத்தில் வைத்திருந்த உழைப்பு இரண்டே கோடைகளில் வீணாகிவிடுகிறது.

என் பணியின் தொடக்கத்தில் இப்படி ஒரு பிழைக்கு நானே துணை நின்றேன். அறுபது வயதுவரை யாரும் தொடாத ஓக் கூட்டம் அது. மரத்தை வாங்க வந்த ஒப்பந்ததாரருக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காகப் பாதிக்கு மேல் ஒரே முறையில் குறியிட்டோம். மூன்றாம் ஆண்டு அங்கே போனபோது, நாங்கள் காப்பதற்காக விட்ட மரங்களில் நல்லவை எனத் தேறியவை மிகச் சில. தரையில் புல்லும் முட்செடியும் இடுப்பளவு ஏறி, விழுந்த கொட்டைகள் முளைக்கவும் வழியில்லாமல் செய்திருந்தன. அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை. காட்டுவழி அவர்களின் மேற்குப் பகுதியைப் பற்றிப் படித்தவுடன் எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் அதுதான். கைப்பிடி அளவுக் கவிகையுள்ள மரத்துக்கு வெளிச்சம் தேவைதான். ஆனால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தர வேண்டும்.

பதிவு 9: முதுமரம்

இந்த உரையாடலில் ஒரு கேள்வி எழுப்பப்படாமலே போகிறது. ஏன் வெட்ட வேண்டும்? மரங்கள் தங்களுக்குள்ளேயே நெருக்கத்தைக் கலைத்துக்கொள்கின்றன. ஓக் கொட்டைகள் நன்றாகக் காய்த்த ஆண்டுக்கு அடுத்த இளவேனிலில் ஒரு எக்டேரில் பல்லாயிரம் நாற்றுகள் முளைக்கும், அவற்றில் முதுமையை எட்டுபவை நூற்றுக்கும் குறைவு. மீதியை அகற்றியது யாருடைய கோடரி? 1933-இல் ரைனெக் என்ற அமெரிக்க வனவியலாளர், ஒரே வயதுக் காடுகளில் சராசரி விட்டம் கூடக் கூட, அதிகபட்சமாக நிற்கக்கூடிய மரங்களின் எண்ணிக்கை ஒரு நிலையான விகிதத்தில் குறைவதைக் காட்டினார். விட்டம் இரு மடங்கானால் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிறது. காடு தானே இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. அப்படி இறக்கும் மரங்கள் நின்றபடியே உலர்ந்து, மரங்கொத்திக்கும் வண்டுகளுக்கும் பூஞ்சைகளுக்கும் வீடாகின்றன. வெட்டி எடுத்துச் சென்றால் இவை அனைத்தையும் இழக்கிறோம்.

பதிவு 10: கவிகை

முதுமரம் அம்மா, உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. காய்ந்த மரத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்கிறேன். ஆனால் காடு நெருக்கத்தைத் தானே கலைக்கும்போது, யாரை விட்டுவைக்கும் என்ற முடிவு ஓக்குக்குச் சாதகமாக அமைவதில்லை. ஓக் வெளிச்சம் தேடும் மரம். பீச்சும் ஹார்ன்பீமும் நிழலைப் பொறுப்பவை. ஓக்கின் கீழே பொறுமையாக வளர்ந்து, பிறகு அதன் கவிகைக்குள்ளேயே ஊடுருவி மேலேறிவிடும்.

பாரிஸுக்கு அருகில் உள்ள ஃபோந்தென்புளோ காட்டில் ஓவியர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி 1861-இல் ஒரு பகுதி வெட்டப்படாமல் விடப்பட்டது. அந்தக் காட்டின் லா தியேய் என்னும் ஒதுக்ககத்தில் இன்று ஆதிக்கம் செலுத்துவது பீச். ஓவியர்கள் காக்க விரும்பிய முதிய ஓக்குகள் ஒவ்வொன்றாக மறைய, அவற்றின் இடத்தைப் பிடிக்க இளம் ஓக் இல்லை. போதாக்குறைக்கு, 1907-ஐ ஒட்டி ஐரோப்பாவுக்குள் நுழைந்த சாம்பல் நோய் ஓக் இலையின் மேல் வெண்பொடியாகப் படிந்து, நிழலில் நிற்கும் நாற்றுகளின் கடைசி வலுவையும் உறிஞ்சிவிடுகிறது. முன்பு காட்டின் உள்ளேயே முளைத்து வளர்ந்த ஓக், இப்போது பெரும்பாலும் திறந்த வெளியிலும் காட்டின் விளிம்பிலும்தான் தலையெடுக்கிறது. ஜே பறவை கொட்டையைக் கொண்டுபோய்ப் புதைப்பதும் அப்படிப்பட்ட இடங்களில்தான்.

பதிவு 11: முதுமரம்

லா தியேய் பற்றிய தகவல் என்னைச் சிந்திக்க வைக்கிறது. ஆனால் அதுவே முடிவான வழி அன்று. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையே வை ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ள லேடி பார்க் வுட் 1944 முதல் தொடப்படாமல் ஆய்வுக்காக விடப்பட்டிருக்கிறது. அங்கே 1976-ஆம் ஆண்டு வறட்சி பெரிய பீச் மரங்களைக் கடுமையாகத் தாக்கியது. நிழலில் வெல்லும் மரம் வறட்சியில் தோற்கலாம். நாம் ஐம்பது ஆண்டுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறோம். ஓக்கின் கணக்கு முந்நூறு ஆண்டுகள்.

ஆகவே என் வேண்டுகோளைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். கலைத்தாலும், ஒரு பகுதியைத் தொடாமல் விடுங்கள். வெட்டும் மரங்களில் சிலவற்றைப் பட்டையை வளையமாக உரித்து நின்றபடியே உலர விடுங்கள். அதனால் வெளிச்சமும் மெதுவாகத்தான் உள்ளே வரும். நீங்கள் அஞ்சும் நீர்ப்போத்துக்கும் அது நல்லதுதானே?

பதிவு 12: கவிகை

நல்லதுதான். பட்டை உரித்த மரத்தின் கவிகை சட்டென்று மறையாமல் மெலிந்துகொண்டே போவதால், பக்கத்து மரத்தின் தண்டுக்கு ஒரே நாளில் வெயில் அடிக்காது. பாதையோரத்தில் மட்டும் இப்படிச் செய்யக் கூடாது. காய்ந்த கிளை எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

பதிவு 13: வேர்நீர்

நீரைப் பற்றிய பேச்சு வந்ததால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். மரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் ஒவ்வொரு மரத்துக்கும் கிடைக்கும் மண்நீர் கூடுகிறது. இலைகளிலேயே தங்கி ஆவியாகும் மழைநீரும் குறைகிறது. வறட்சி ஆண்டுகளில் கலைத்த காட்டின் ஓக்குகள் குறைவாகப் பாதிக்கப்பட்டு விரைவில் மீள்வதற்கு இதுவே காரணம். ஸ்பெயினின் தென்மேற்கில் தெஹேசா என்ற மேய்ச்சல் காடுகளைப் பார்த்தால் இது கண்முன் விரியும். பசுமை மாறா ஓக்கும் தக்கை ஓக்கும் அங்கே எக்டேருக்குப் பெரும்பாலும் 30 முதல் 60 வரைதான் நிற்கின்றன. மழை குறைந்த இடங்களில் மரங்கள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கின்றன. உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கலைத்துக் கலைத்து, அந்த மண்ணின் நீர் எத்தனை மரத்தைத் தாங்கும் என்ற விடையை எட்டியிருக்கிறார்கள். ஆனால் மேய்ச்சல் இடைவிடாமல் நடக்கும் இடங்களில் முதிய மரங்களின் கீழே கன்றே இல்லை என்பது அங்கே இன்றைய பெருங்கவலை.

இரண்டாவது செய்தி ஓர் எச்சரிக்கை. இடைவெளி மிகப் பெரிதானால் மிச்சமாகும் நீரைப் புல் குடித்துவிடும். ஆழம் குறைந்த மண்ணில் இது உறுதியாக நடக்கும்.

மேலும், மணற்பாங்கான, நீர் சட்டென வடிந்து மீண்டும் நிறையும் மண்ணில் வளர்ந்த ஓக்கின் உள்ளே வெடிப்பு விழும் வாய்ப்பு அதிகம். வெளியே பார்க்க மரம் பழுதின்றி இருக்கும். வெட்டிய பிறகுதான் வளையத்தை ஒட்டியோ நடுவிலிருந்து ஆரமாகவோ பிளவு தெரியும். அப்படிப்பட்ட மண்ணில் நூறு ஆண்டு காத்திருந்து உயர்ந்த மரத்தை எதிர்பார்ப்பதைவிட, அகன்ற கவிகையுள்ள வாழிடக் காடாக வளர்ப்பதே மேல் என்பது என் கருத்து. காட்டுவழி அவர்களின் களிமண்ணுக்கு இந்தக் கவலை குறைவு.

பதிவு 14: காட்டுவழி

எல்லோருக்கும் நன்றி. கலைக்க வேண்டும் என்பதில் எங்கள் குழு இப்போது ஒருமனப்பட்டுவிட்டது. எத்தனை மரத்தை, எந்த மரத்தை என்பதில்தான் தடுமாறுகிறோம். குழுவில் பலர் கீழே நசுங்கி நிற்கும் மெலிந்த மரங்களை முதலில் அகற்றலாம் என்கிறார்கள். அவை எப்படியும் பிழைக்கப் போவதில்லை என்பது அவர்கள் வாதம்.

பதிவு 15: கவிகை

அது பலரும் செய்யும் வேலை. காடு துப்புரவாகத் தெரியும், ஆனால் ஓக்குக்கு எந்தப் பயனும் இல்லை. கீழே நசுங்கிய மரம் மேலே உள்ள கவிகையைத் தொடுவதே இல்லை. அதை வெட்டினால் நிழல் மட்டும் போய், தண்டுக்கு வெயில் அடிக்கும். அந்த மெலிந்த மரமும், தானாக வந்த ஹார்ன்பீமும், ஹேசல் புதரும் ஓக்கின் தண்டுக்குப் போர்வை. அவை மேலேறிக் கவிகையை எட்டாத வரை விட்டுவையுங்கள். வெட்ட வேண்டியது உங்கள் நல்ல மரத்தின் கவிகையோடு மோதிக்கொண்டிருக்கும் வலுவான அண்டை மரத்தை. அதுவும் நல்ல மரம்தானே என்று மனம் தயங்கும். எனக்கு இன்றும் தயங்குகிறது.

எத்தனை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஓக்கின் கவிகை விட்டம் தண்டின் விட்டத்தைப் போல 20 முதல் 25 மடங்கு வரை தேவைப்படுகிறது. இறுதியில் 60 சென்டிமீட்டர் தண்டு வேண்டும் என்றால், 22 மடங்கு எனக் கொண்டு, கவிகை 13.2 மீட்டர் அகலம் ஆக வேண்டும். அது மூடும் பரப்பு ஏறத்தாழ 137 சதுர மீட்டர். ஒரு எக்டேரை அதனால் வகுத்தால் 73 மரம். வட்டங்களுக்கு இடையே எப்போதும் வெற்றிடம் இருக்கும் என்பதால் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, இன்று உங்கள் முன்னே நிற்கும் நூற்றுக்கணக்கானவற்றில் ஒரு எக்டேருக்கு அறுபதைத் தேர்ந்து, அவற்றைச் சுற்றி மட்டுமே வேலை செய்தால் போதும். அவற்றுக்கு இடையில் உள்ளவற்றைத் தொட வேண்டியதில்லை. முதுமரம் அம்மா விரும்பும் தானே கலையும் காடு அந்த இடைவெளிகளில் தொடரட்டும்.

மொத்த நெருக்கத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் மேட்டுநில ஓக் காடுகளுக்காக 1967-இல் கிங்ரிச் என்ற வனவியலாளர் வெளியிட்ட வரைபடத்தில், மரங்களின் எண்ணிக்கை, அடிமரப் பரப்பு (தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்புகளின் கூட்டுத்தொகை), சராசரி விட்டம் ஆகிய மூன்றையும் கொண்டு நெருக்கத்தை நூற்றுவீதமாக அளக்கலாம். ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நிற்கும் மரங்களால் அந்த இடத்தின் வெளிச்சத்தையும் மண்ணையும் முழுதாகப் பயன்படுத்த முடியாது. அதை அப்படியே எல்லா ஓக்குக்கும் பொருத்த முடியாது என்றாலும், ஒரே முறையில் அந்த எல்லையை நெருங்காதீர்கள் என்ற எச்சரிக்கை எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

குறியிடும் நாளில் இப்படிச் செய்து பாருங்கள். தேர்ந்த மரத்தின் தண்டில் முதுகைச் சாய்த்து நின்று அண்ணாந்து பாருங்கள். கவிகையின் விளிம்பை ஒரு கடிகார முகமாக எண்ணிக்கொண்டு, எந்தப் பக்கத்தில் வானம் தெரிகிறது, எந்தப் பக்கத்தில் அண்டை மரத்தின் கிளை நுனிகள் உரசி முறிந்து மொட்டையாக இருக்கின்றன என்று பாருங்கள். காற்று வீசும் நாளாக இருந்தால் உரசும் ஓசையே காதுக்குக் கேட்கும். மோதும் மரங்களில் மிகக் கடுமையாக நெருக்கும் ஒன்றை, மிஞ்சினால் இரண்டைக் குறியிடுங்கள். நான்கு பக்கமும் திறந்துவிடாதீர்கள். மேற்குப் பகுதியில் கவிகை அவ்வளவு சிறியது என்பதால், முதல் முறை ஒரு மரம் போதும். கவிகை மிகவும் ஒட்டிப்போன மரத்தைத் தேர்வதையே தவிர்த்துவிடுங்கள். தண்டு எவ்வளவு அழகாக நேராக இருந்தாலும், எழுபது வயதில் அதற்குப் புதுக் கவிகை கட்டும் வலு குறைந்திருக்கும். தண்டின் நேர்த்தன்மையைவிட நலமான கவிகைக்கு முதலிடம் கொடுங்கள்.

பதிவு 16: இழைப்புளி

ஒரு வேண்டுகோள். வெட்டிய மரங்களில் ஒன்றிரண்டின் அடிவட்டை மூன்று விரல் தடிமனில் அறுத்து வைத்திருங்கள். தண்டு எந்த ஆண்டில் மெலியத் தொடங்கியது என்பதை அது காட்டிவிடும். கிழக்குப் பகுதியில் விழுந்த மரம் ஏதேனும் கிடந்தால் அதிலும் ஒன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் கலைப்பு எந்த ஆண்டில் நடந்தது என்பதும், மேற்கில் எத்தனை ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும் என்பதும் பதிவேடு இல்லாமலேயே தெரிந்துவிடும்.

பதிவு 17: காட்டுவழி

நேற்று குழுவினர் பன்னிரண்டு பேர் சேர்ந்து மேற்குப் பகுதியில் முதல் எக்டேரைக் குறியிட்டோம். ஐம்பத்தெட்டு மரங்களைத் தேர்ந்தோம். அவற்றில் நாற்பத்தொன்றுக்கு அண்டை மரம் ஒன்றை மட்டும் வெட்டக் குறியிட்டிருக்கிறோம். மீதிக்கு இந்த முறை எதுவும் இல்லை. பாதையிலிருந்து தள்ளி உள்ள ஒன்பது மரங்களைப் பட்டை உரித்து நிற்க விடுகிறோம். வடக்கு மூலையில் அரை எக்டேரைத் தொடவே இல்லை. முதுகைச் சாய்த்து அண்ணாந்து பார்த்ததில் எல்லோருக்கும் கழுத்து வலிக்கிறது. ஆனால் அந்தக் காட்டில் இத்தனை ஆண்டுகள் நடந்தும் நான் தண்டுகளை மட்டுமே பார்த்து வந்தேன் என்று நேற்றுத்தான் உணர்ந்தேன்.

கடைசியாக ஒன்று. மீண்டும் எப்போது வந்து பார்ப்பது?

பதிவு 18: கவிகை

கவிகையின் ஒரு பக்கம் ஆண்டுக்கு ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் நீளும். நீங்கள் திறந்த இடைவெளியை இரு பக்கத்திலிருந்தும் கிளைகள் எட்டிப் பிடிக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். இலை உதிரும் முன் ஐந்தாம் ஆண்டில் ஒரு முறை நடந்து பாருங்கள். கிளை நுனிகள் மீண்டும் தொட்டுக்கொள்ளத் தொடங்கிய இடங்களில் அடுத்த மரத்தைக் குறியிடலாம். அதற்கு முன்பாக, இரண்டாம் கோடையில் தேர்ந்த மரங்களின் தண்டுகளை மட்டும் பாருங்கள். நீர்ப்போத்து எந்த மரங்களில், எந்தத் திசையில் வந்திருக்கிறது என்று குறித்துவைத்தால், அடுத்த முறை எந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடாது என்பது தெரிந்துவிடும்.